அப்பா கேட்டாரு

ஜூன் 9, ஞாயிறு

இது என் மனைவியுடைய டைரி. மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் அவள் கடைக்குக் கொண்டுவந்து கொடுப்பது. மே மூன்றாம் தேதியோடு எழுத்து நின்றுவிட்டது. மறுநாள் காலை கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஸ்டூலில் சாய்ந்தாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அவள் எழுதிய பக்கங்களைப் புரட்ட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. மிச்சத்தை வீணாக்குவானேன் என்று எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மகளின் போன். கல்யாணமாகிப் போனதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதே நேரத்துக்கு வருவது. "எப்படிப்பா இருக்கீங்க?" என்றாள்.

"ம், நல்லா இருக்கேன். இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்."

சொல்லிவிட்டுப் போனும் கையுமாகச் சமையலறை வரைக்கும் போய்விட்டேன். பதினாறு வருடமாக அவளிடம் இதைத்தானே சொல்லிவந்தேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் அழுகை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 12, புதன்

இன்று யாரோடும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. படுக்கப் போகும்போதுதான் உறைத்தது.

ஜூன் 14, வெள்ளி

துக்கம் விசாரிக்க ஒரு தையல்காரர் வந்தார். அவள் கடையில் மருந்து வாங்குகிறவர்.

"மருந்து குடுக்கும்போதெல்லாம் 'டாக்டர் உங்களை விசாரிச்சாரு'ன்னு சொல்லுவாங்க. நம்மளையும் ஒருத்தர் விசாரிக்கிறாரேன்னு ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டேன். போன வாரம் அந்த டாக்டருக்கு நன்றி சொன்னேன். அவருக்கு என்னை யாருன்னே தெரியல!"

சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருபத்தாறு வருடம் அந்தக் கவுன்டரில் நின்றாள். எந்த டாக்டரின் கோழிக்கிறுக்கலையும் படித்துவிடுவாள். படிக்கத் தெரியாதவர்களுக்கு மருந்துக் கவரின்மேல் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா வரைந்து கொடுப்பாள். நான் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டில், கம்பிக் கயிற்றோடும் கிரீஸோடும் தனியாக. பேச வேண்டியதே இல்லாத வேலை. "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்பாள். வெளியே போனால் எனக்கும் சேர்த்து அவளே பேசுவாள். "இவரு உம்மணாமூஞ்சிதான், ஆனா மனசு தங்கம்." அந்தத் தங்கத்தை அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

ஜூன் 16, ஞாயிறு

கெடுத்துவிட்டேன்.

மகள் கேட்டாள்: "ஏம்ப்பா, வாராவாரம் என் முதுகு வலியைப் பத்திக் கேப்பீங்க. அம்மா போனதும் அதுவும் போச்சா?"

"நான் எப்போ கேட்டேன்?"

"அம்மா சொல்லுவாங்களே. 'அப்பா கேட்டாரு'ன்னு."

"அவளாவே சொல்லியிருப்பா. உனக்கு முதுகு வலின்னே எனக்குத் தெரியாது."

பிறகு மெதுவாக, "அப்போ ஒரு தடவைகூட நீங்க கேட்டதில்லையா?" என்றாள். பதிலுக்குக் காத்திருந்தாள். வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிட்டேனாம். பெரிய அரிச்சந்திரன்! வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? பதினாறு வருஷம் மூடித்தானே இருந்த, இன்னைக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சு? பாவி, அவளுக்கு இருந்த ஒரு அப்பாவையும் கொன்னுட்டியே.

ஜூன் 17, திங்கள்

முன்பக்கங்களைப் புரட்டினேன்.

சனிக்கிழமைப் பக்கங்களில் எல்லாம், மறுநாள் மகளிடம் பேச வேண்டியவை. கடைசியில் தவறாமல் ஒரு வரி. 'அவர் கேட்டார் – முதுகு வலி.' 'அவர் கேட்டார் – புது மேனேஜர் எப்படி.' 'அவர் கேட்டார் – பேத்திக் குட்டிக்கு விழுந்த முன்பல் முளைத்ததா.' போன வாரம் சொன்னதையே திரும்பச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறாள். திருடி.

பிப்ரவரியில் ஒன்று: 'அவர் கேட்டார் – குட்டிக்குக் காய்ச்சல் விட்டதா. நிஜமாகவே கேட்டார்.' அடியில் இரண்டு கோடு.

நான் கேட்டது எனக்கு நினைவில்லை. ஒரு காய்ச்சலை விசாரித்ததற்கு இரண்டு கோடு போடும்படி வைத்திருந்திருக்கிறேன் அவளை.

ஜூன் 23, ஞாயிறு

போன் வரவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

இன்றும் வரவில்லை. மதியம் வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இனிமேல் வராதோ? அவளும் போய், இவளும் போனால் – எழுத ஓடவில்லை.

ஜூலை 3, புதன்

நானே போட்டேன். மகளுக்கு நானாகப் போன் செய்வது இதுதான் முதல் தடவை. டைரியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, எண் எண்ணாக அழுத்தினேன். பேத்தி எடுத்தாள். எட்டு வயது, பாட்டியைப் போலவே படபடவென்று பேச்சு.

"அம்மாகிட்ட குடுக்கட்டா தாத்தா?"

பயந்துவிட்டேன். "வேண்டாம். முதுகு வலி எப்படி இருக்குன்னு தாத்தா கேட்டாருன்னு மட்டும் சொல்லு."

ஓடினாள். ஓடின வேகத்தில் திரும்பினாள். "பரவாயில்லையாம். உங்களையும் கேட்டாங்க."

அதற்குள்ளாகக் கேட்டுவிட்டாளா, இவளாகவே சொல்கிறாளா? இருந்தாலும் அந்த உற்சாகத்தில் சாயங்காலம் உட்கார்ந்து நாலு சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

பத்து மணிக்குப் போன். பேத்திதான். "தாத்தா, பிரஷர் மாத்திரை போட்டீங்களான்னு அம்மா கேட்டாங்க."

பின்னாலிருந்து மகளின் குரல்: "நான் எங்கடி கேட்டேன்?"

வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"போட்டீங்களா?" என்றாள் மகள்.

"போட்டேம்மா." போடவில்லை. "உன் முதுகு எப்படி இருக்கு?"

"வலிக்குதுப்பா," என்றாள். எங்கே, எப்போதிலிருந்து, உட்கார்ந்தாலா நின்றாலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பதினெட்டு நிமிடம் பேசினோம்.

வைத்துவிட்டு அலமாரியில் மாத்திரைக் கவரைத் தேடி எடுத்தேன். எனக்குப் படிக்கத் தெரியும். ஆனாலும் என் கவரிலும் சூரியன் வரைந்திருக்கிறாள். ஒன்று போட்டுக்கொண்டேன்.