சர்க்கரை போடாத தேநீர்

மார்ச் 3

தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்றேன். அத்தை, என் கணவர் தமாரின் அம்மா, கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டார்.

"வெறும் டீயா? நம்ம யோக்யகர்த்தா ஊர்ல அதை விரோதிக்குக்கூட யாரும் குடுக்க மாட்டாங்க, கினாந்தி!"

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வரும் சர்க்கரை நோய் இது, பிறந்தபின் பெரும்பாலும் போய்விடும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"நாங்கல்லாம் ரெண்டு பேருக்கும் சேர்த்துத் தின்னோம்" என்றார். ஆனாலும் வெறும் தேநீரைத்தான் நீட்டினார்.

மார்ச் 11

விரல் நுனியெல்லாம் ஊசித் தடம். சோற்றை ஒரு பிடியாகக் குறைத்துவிட்டேன். சர்க்கரை அளவு இறங்கவில்லை. என்ன தப்பு செய்கிறேன்?

மார்ச் 19

உணவு ஆலோசகர் கேட்டார்: "சோறு குறைச்சல். சரி, தொட்டுக்க?"

"குதேக். பலாக்காய்க் கறி."

"பனைவெல்லம் எவ்வளவு போடுவாங்க?"

சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து தின்கிறேன், எங்களுக்கு அது கறி, இனிப்பு அல்ல. சோற்றைக் குறைத்த பசிக்கு அதைத்தான் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னதும் அத்தை அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "காய்தானேன்னு உனக்கு ரெண்டு கரண்டி கூடவே வச்சேன்."

மார்ச் 30

அளவு இறங்கிவிட்டது! அத்தை வெல்லமில்லாமல் கறி வைக்கிறார். தமார் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏம்மா, இது பலாக்காயா, பாயைக் கிழிச்சுப் போட்டியா?" என்றார். மூவரும் சிரித்தோம். உள்ளே பிள்ளையும் உதைத்தது.

ஏப்ரல் 14

காலையிலிருந்து அசைவில்லை.

ஏப்ரல் 22

பெண். தமாரின் மூக்கு. அழவில்லை, கண் திறக்கவில்லை.

நஞ்சுக்கொடியைத் தமார் எங்கள் ஊர் வழக்கப்படி வாசலோரம் புதைத்து, மேலே விளக்கு வைத்தார். உயிரில்லாமல் பிறந்ததுக்கு விளக்கு எதுக்கு என்று பக்கத்து வீட்டில் கேட்டார்களாம். "என் பேத்தி இருட்டுலயா போவா?" என்றாராம் அத்தை.

சர்க்கரையாலா என்று டாக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதும்மா."

சொல்ல முடியாதுன்னா? அந்தக் கறியா? நானா? யாரைப் போய்க் கேக்குறது? எவ்வளவு புத்தகம் படித்திருக்கிறேன் — ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை.

மே 9

பால் நின்றுவிட்டது.

ஜூன் 2

மறுபரிசோதனை. சர்க்கரை இல்லை. "இனி எல்லாம் சாப்பிடலாம்" என்றாள் செவிலி, சந்தோஷமாக.

அத்தையிடம் சொன்னேன். தலையசைத்துவிட்டு இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினார். சர்க்கரை டப்பா மேல்தட்டிலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. எப்போது நிறுத்தினார்?

"கசக்கலையா, அத்தை?"

"கசக்கட்டும்" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார்.