முதல் தண்ணீர் வந்த நாள்

மார்ச் 3
இஸ்தான்புல்லிலிருந்து புதிய சட்டப் புத்தகம் வந்துவிட்டது. பச்சைத் துணி சுற்றி, அரக்கு முத்திரை வைத்து. மாகாணத்தை மாற்றி அமைத்தார்கள். காஜியார் போன பிறகு நீதிமன்றத்தை அவர் வீட்டிலிருந்து கிளப்பி, மேசை நாற்காலி போட்ட கட்டடத்தில் வைத்தார்கள். இப்போது சட்டத்துக்கும் வரிசை எண். காஜியாரிடம் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவன் நான். இனிமேல் புரட்டிப் பார்த்துத்தான் எழுத வேண்டுமாம். கண் வேறு மங்கல்.

மார்ச் 10
ஷாகிர் தோட்டத்து வாய்க்காலில் இந்த வருடத்து முதல் தண்ணீர். வழக்கம்போலப் போனேன். கரையில் உட்கார்ந்து காலை நனைத்தோம். வழக்கம்போல ஆரம்பித்தான்: "டேய் நாஃபிஸ், அன்னிக்கி ஞாபகமிருக்கா?"

இல்லாமலா! எங்களுக்கு ஏழு வயது. அவன் அப்பா மலையோடையிலிருந்து வாய்க்கால் வெட்டி முடித்த நாள். தண்ணீர் வந்து எங்களைத் தூக்கிக்கொண்டு போகும் என்று காய்ந்த பள்ளத்தில் படுத்துக்கொண்டோம். வந்ததோ சேறு! அவன் அம்மா எங்களைச் சேறோடு நிற்கவைத்து வாயில் அல்வா ஊட்டினாள். நெய்யும் வறுத்த மாவும் கலந்த அந்தக் கை வாசனை இன்னும் போகவில்லை. ஐம்பது வருடமாகச் சொல்லிச் சிரிக்கிறோம். இன்றும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஏப்ரல் 19
வாய்க்காலின் மேல்பக்கம் நிலம் வாங்கிய பண்ணையார் தஹ்சின் ஆகா வாய்க்காலை அடைத்துவிட்டார். ஷாகிர் வழக்குப் போட்டிருக்கிறான். தண்ணீர் இல்லாவிட்டால் இருநூறு ஆப்பிள் மரமும் கோடைக்குள் விறகு.

பழைய காஜியாராக இருந்தால் கழுதையில் ஏறி ஓடைக்கே போயிருப்பார். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ரொட்டியும் மோரும் வரவழைத்து, "உனக்கு நாலு நாள், அவனுக்கு மூணு நாள், எழுந்து போங்கடா" என்றிருப்பார். எப்போது வெட்டின வாய்க்கால் என்று கேட்டிருக்கவே மாட்டார். அவர் போய் எட்டு வருடம். இன்று அவரை நினைத்து அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 20
புத்தகத்தைப் பார்த்தேன். பழங்கால வாய்க்கால் என்றால் யாரும் அடைக்க முடியாது. நல்லது. எது பழங்காலம்? அதன் தொடக்கத்தை அறிந்தவர் ஒருவர்கூட இருக்கக் கூடாதாம்.

நான் இருக்கிறேனே.

ஏப்ரல் 22
ஷாகிர் வந்தான். காபியைத் தொடவில்லை.

"பாட்டன் காலத்து வாய்க்கால்னு மனுவுல சொல்லிட்டேன்டா."

"உங்கப்பா வெட்டினதுடா!"

"எனக்குத் தெரியாதா? நானும்தானே அந்தச் சேத்துல புரண்டேன்." தலையைக் குனிந்துகொண்டான். "உன்னைக் கேட்டா என்னடா சொல்லுவே?"

ஆறிப்போன அவன் காபியை எடுத்து உள்ளே வைத்தேன். முப்பது வருடம் அடுத்தவன் பொய்ச்சாட்சியைப் பார்த்து முகம் சுளித்தவன் நான்.

மே 14
கீழ்த்தெருக் கிழவர்கள் நாலு பேர் சாட்சி. "நாங்க இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்கு" என்றார்கள். பாவம், வாய்க்கால் வெட்டினதுக்கு அப்புறம் குடியேறியவர்கள், அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. எழுதிக்கொண்டேன். தஹ்சின் ஆகா எழுந்தார்.

"எழுத்தரையும் கேளுங்க ஐயா. அவரும் ஷாகிரும் ஒரே தட்டுல தின்னு வளர்ந்தவங்க."

நீதிபதி சின்ன வயது, மரியாதை தெரிந்தவர். "பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க எஃபெந்தி. அந்த வாய்க்கால் எப்ப வெட்டினாங்கன்னு தெரியுமா?"

நாக்கில் அந்த அல்வா ருசி வந்தது. சத்தியமாக வந்தது.

"தெரியாதுங்க. எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

மறுபடி பேனாவை எடுத்து அதையும் நானே எழுதினேன். சீ!

மே 15
ஷாகிர் பக்கம் தீர்ப்பு. அடைப்பை எடுத்துவிட்டார்கள்.

மே 16
மார்ச் 10 எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும். யார் கண்ணிலாவது பட்டால் அவன் தோட்டமும் போச்சு, என் மானமும் போச்சு. நாளைக்கு.

அடுத்த வருடம், மார்ச் 12
முதல் தண்ணீர். ஷாகிரும் நானும் கரையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மரமெல்லாம் மொட்டு. கேட்கிற தூரத்தில் தஹ்சின் ஆகாவின் ஆள் மண்வெட்டியோடு நின்றான்.

"டேய் நாஃபிஸ், அன்னிக்கி—" என்று ஆரம்பித்தான் ஷாகிர். அந்த ஆளைப் பார்த்தான். "அன்னிக்கிவிட இன்னிக்கிக் குளிர் ஜாஸ்தி, இல்ல?"

"ஆமாடா" என்றேன்.

அப்புறம் ஆப்பிள் விலையைப் பற்றிப் பேசினோம்.

வீட்டுக்கு வந்து போன வருடத்து மார்ச் 10-ஐ எடுத்துப் படித்தேன். இனி அவன் வாயால் இதைக் கேட்க முடியாது. அவன் அம்மா இந்தப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறாள். எப்படிக் கிழிப்பேன்? இன்னொரு தடவை படித்துவிட்டு மூடி வைத்தேன்.