இடக்கைக்காரரின் கையெழுத்து

1996 ஜூன் 15, சனி

பத்து வயதில் கனடாவுக்கு வந்த நாளிலிருந்தே அண்ணாவுக்கு ஒரு பேஸ்போல் வீரர்தான் உயிர். இடது கையால் பந்து எறிபவர். இன்று அவர் எங்கள் நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில், மேசை கதிரை விற்கும் ஒரு தளபாடக் கடைக்கு ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட வருகிறார் என்று அறிந்து இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றோம். அண்ணாவின் பழைய தொப்பியில் கையெழுத்து வைத்தார். வலது கையால்.

அண்ணாவின் கண் சந்தோஷத்தில் கலங்கிவிட்டது. எனக்கோ வந்தவரின் முகத்தைப் பார்த்தபோதே, இவர் உண்மையில் அவர்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கையால் எறிந்து மறு கையால் எழுதுகிறவர்களும் இருப்பார்கள்தான். ஆனாலும்...

காரில் ஏறியதும் அண்ணா மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் கையால எழுதினவர் எண்டு பாத்தனியோ?"

"இல்லை அண்ணா, நான் கவனிக்கேல்லை."

"நானும் கவனிக்கேல்லை."

வீடு வரும்வரை அவர் தொப்பியைத் தலையில் போடாமல் மடியிலேயே வைத்திருந்தார்.