பதினேழாம் மரத்துச் செடி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அங்கே நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. இதைக் கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி.

முன்னே அனுப்பிய மூன்று கடிதங்களும் இந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டன. போன மாதம் நம்ம லாரிக்காரர் வீட்டுக்கு வந்தார். "உன் தம்பிய பாத்தேன்மா. பதினோராவது மாடிக்கு வெளியே கயித்துல தொங்கிக்கிட்டு கண்ணாடி துடைக்கிறான். தொண்டை கிழியக் கத்தினேன், அவன் காதுல விழல" என்றார். உன் சட்டை முதுகில் இருந்த கம்பெனிப் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார் மனுஷன். அந்தப் பெயருக்குத்தான் இதை அனுப்புகிறேன். எங்கே போனாலும் அவன் கயிற்றை விட மாட்டான் போலிருக்கே என்று மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் பெரிய காற்று அடித்ததில் நம் குழு எண் போட்ட நாற்பத்தொன்றாம் மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. அதன் மேல் இருந்த வெள்ளச்சிச் செடி அடியில் சிக்கி நசுங்கிப்போனது. இரண்டு நாள் தேடி, கறுத்துப்போன நாலு இலையைத்தான் எடுத்தோம். நாம் காவல் காத்த ஆர்க்கிட்களில் எத்தனையோ வகை பிழைத்திருக்கிறது. வெள்ளச்சி மட்டும் இந்தக் காட்டில் மொத்தமே இரண்டு செடிதான் என்பது உனக்குத் தெரியும். பதினேழாம் மரத்துச் செடி இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே போய்விட்டது, இப்போது இதுவும் போய்விட்டது என்று டீச்சர் விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதார். பதினோரு வருடமாக நம் செடிக் காவல் குழுவை நடத்துகிறவர், யார் திட்டினாலும் கலங்காதவர். பதிவேட்டில் அந்த வரியை அடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். அடித்தேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்து நடந்ததைத்தான் உனக்கு எழுத வேண்டும்.

காலையில் பாட்டில் அறைக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து, நாற்று வளர்க்கும் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். எலுமிச்சம்பழத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த மாதிரி வாசனை. சோப்பு மாற்றிவிட்டார்களோ என்று சோப்பை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கையை முகர்ந்து பார்த்தேன். அப்புறம்தான் தலையைத் தூக்கினேன். குழாயடி மரத்தில், கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில், மூன்று வெள்ளைப் பூ. வெள்ளச்சியேதான். கழுவின பாட்டில் ஒன்று கையிலிருந்து நழுவி உடைந்தது.

மாமாவைக் கூப்பிட்டு ஏணி வைத்து ஏறினேன். நாற்காலியில் ஏறி பல்பு மாட்டவே நடுங்குகிற மனிதர், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஏணியைப் பிடித்தார். "விழுந்து கிழுந்து வைக்காத, எனக்கு சமைக்கத் தெரியாது" என்று வேறு சொன்னார். மேலே போய்ப் பார்த்தால், செடியைக் கிளையோடு சேர்த்துக் கட்டியிருந்த துணி பச்சைக் கோடு போட்டது. மாமாவின் சட்டை. அதைக் காணோம் என்று இரண்டு வருடமாக என்னைப் போட்டு வாட்டிக்கொண்டிருந்தாரே, அதே சட்டை. துணி மக்கி நாராகிவிட்டது. வேர் நன்றாகப் பிடித்துக்கொண்டது. கட்டு போட்ட விதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த முடிச்சை உன்னைத் தவிர யாரும் போட மாட்டார்கள். ஏணியிலேயே நின்று அழுதேன். கீழே இருந்தவர் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்.

இடம் மாற்றினால் வெள்ளச்சி கோபித்துக்கொண்டு ஒன்றிரண்டு வருடம் பூக்காது. பூக்காவிட்டால் அது வெறும் இலை. அதன் அடியில்தான் இரண்டு வருடம் தினமும் உட்கார்ந்து பாட்டில் கழுவியிருக்கிறேன்.

அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. எனக்குக் காய்ச்சல். நீ வாசலில் நின்று, "அக்கா, பதினேழுல கிளை விரிசல் விட்டிருக்கு, தாங்காது" என்றாய். "நான் எழுந்திரிச்சதும் பாக்கலாம், தனியா ஏறாத" என்றேன். குழுவின் விதி அது. ஒருவர் ஏறினால் ஒருவர் கீழே நிற்க வேண்டும். கீழே நிற்பவர் முடிச்சைத் தொட்டு, இழுத்து, 'பார்த்தாச்சு' என்று சொன்ன பிறகுதான் கால் தரையை விட வேண்டும். உனக்கு எப்போதும் நான்தான் நின்றேன். மறுநாள் காவல் போனவர்கள் கிளை காலி என்றும், பட்டையில் ஒரே ஆள் ஏறின கயிற்றுத் தடம் இருக்கிறது என்றும் வந்து சொன்னார்கள். சாயங்காலமே கூட்டம். டீச்சர் உன்னிடம் தன்மையாகத்தான் கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து, "யாருக்குடா வித்த?" என்றேன்.

"பத்திரமா இருக்குக்கா" என்றாய்.

"எவன் வீட்டுல?" என்றேன்.

நீ கயிற்றை என் காலடியில் வைத்துவிட்டுப் போனாய். காட்டுச் செடியை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்பதும் விதி. அதை மீறினாலும் என் கண் முன்னால் வைத்தால் யாரும் தொட மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறாய். அந்தக் கண்ணின் லட்சணம் இவ்வளவுதான். பதினைந்து நாளில் அந்தக் கிளை முறிந்து விழுந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அக்கா தம்பியைக் காப்பாற்றுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று முந்திக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதியை நீயும் நானும் மட்டும்தான் அறிவோம். குழு வருவதற்கு முன்னால் நீ மூட்டை மூட்டையாகச் செடி பிடுங்கி வியாபாரிக்குக் கொடுத்த காலத்தில், ஈரப்பாசி வைத்து அந்தச் சாக்கைத் தைத்தவள் நான். உன்னைப் பழைய திருடன் என்று எல்லோரும் கேலி பேசினபோது நீ ஒரு நாளும் என் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில்கூடச் சொல்லவில்லை. நீ சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில்தான் நான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

இப்போது சொல்லிவிட்டேன். கூட்டம் கூட்டி, மாமாவின் சட்டைத் துணி விஷயம், என் சாக்கு விஷயம், எல்லாவற்றையும் சொல்லி, பாட்டில் அறைச் சாவியை மேஜையில் வைத்தேன். டீச்சர் சாவியை எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் வைத்திருந்தார். பாட்டில்களில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும் வீட்டுக்கு வந்து, "மன்னிச்சுட்டோம்னு நினைக்காதீங்க, வேலைக்கு ஆள் இல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அது நியாயம்தான். பதிவேட்டில் உன் பெயருக்கு எதிரே நான் அன்றைக்கு எழுதின 'திருட்டு' என்ற வார்த்தையை அடித்துவிட்டு, கீழே நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடித்தது அடித்த மாதிரியே தெரிகிறது.

செடி விஷயம் சொல்கிறேன். நாற்பத்தொன்றாம் மரத்துப் பூவின் மகரந்தத்தைப் போன வருடம் எடுத்து, அரிசி போட்ட டப்பாவில் வைத்து, டீச்சர் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். இருந்த கடைசிப் பொட்டலம். பல்குச்சியால் தொட்டு மூன்று பூவுக்கும் வைத்தேன். இரண்டு உதிர்ந்துவிட்டது. ஒன்று காய்த்திருக்கிறது. இப்போது கட்டைவிரல் தடிமன். இன்னும் மூன்று மாதத்தில் முற்றிவிடும். வெடிப்பதற்கு முன்னால் எடுத்து விதையைப் பாட்டிலில் தூவ வேண்டும்.

காயை எடுக்க நீதான் வேண்டும், வேறு யாராலும் ஆகாது என்று பொய் எழுதலாம் என்று இருந்தேன். எழுதியும் பார்த்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். ஏணி போதும், மாமா பிடிப்பார். உன்னைக் கூப்பிட எனக்கு வேறு சாக்கு எதுவும் இல்லை. நான் செய்தது தப்பு. உன்னைப் பார்க்க வேண்டும்.

உன் கயிறு பாட்டில் அறையில், வெயில் படாத ஆணியில் தொங்குகிறது. யாரும் அதைக் கட்டி ஏறவில்லை. நீ வராவிட்டாலும் அது அங்கேயே இருக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், அதற்காவது ஒரு வரி பதில் போடு. பதினோராவது மாடியில் உன் முடிச்சை யார் பார்க்கிறார்கள்? யாரும் இல்லையென்றால், இறங்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லப்பா. அக்கா பக்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, நீயே ஒரு தடவை இழுத்துப் பார்.

என்றும் உன் நல்லதை நினைக்கும்,
அக்கா