தம்பியின் நூற்று நாற்பது வரிகள்

மார்ச் 3

இந்தக் கணினி நிரல் யாருடையது?

பக்கவாதத்தில் பேச்சு போன அம்மாவுக்காக எழுதியது. திரையில் வார்த்தைகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது வரும்போது பொத்தானை அழுத்தினால் கணினி அதைச் சொல்லும். அம்மா போய் ஒரு வருடம். நிரல் இணையத்தில் அப்படியே கிடக்கிறது. இன்று ஒரு பேச்சுப் பயிற்சியாளர் எழுதியிருக்கிறார். அவருடைய நோயாளி ஒருவருக்கு வேண்டுமாம். யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் லைசென்ஸ் அதில் இல்லாததால் மருத்துவமனை விடவில்லையாம்.

லைசென்ஸ் இல்லாவிட்டால் எல்லாருக்கும் பொது என்றல்லவா நினைத்திருந்தேன்.

மார்ச் 4

அலுவலகத்தில் ஒப்பந்தங்களைப் படிப்பவரிடம் கேட்டேன். சட்டப்புலி என்போம். "கதவைத் திறந்து வச்சுட்டு, உள்ள வராதேன்னு போர்டு மாட்டியிருக்கீங்க மேடம். லைசென்ஸ் இல்லேன்னா யாரும் எடுக்கக் கூடாதுன்னுதான் அர்த்தம். நீங்க ஒருத்தர்தானே எழுதினீங்க?"

ஆமாம் என்றேன். பொய்.

மார்ச் 7

லைசென்ஸில் இரண்டு வகை. ஒன்று: யாரும் எடுக்கலாம், நிரலின் வரிகளைக் காட்டாமல் மூடிவைத்தும் விற்கலாம், எங்கள் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. மற்றது: மாற்றி யாருக்காவது கொடுத்தால், மாற்றியதையும் திறந்தே கொடுக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான். மனிதர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

எதைப் போட்டாலும் தம்பி சம்மதிக்க வேண்டும். அம்மா அதிகம் அழுத்தும் வார்த்தைகளை எண்ணி முன்னால் கொண்டுவரும் பகுதி அவன் எழுதியது. நூற்று நாற்பது வரி. அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றான் அவன். ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்றேன். அங்கேயே முடிந்தது. அதோடு எங்களுக்குள் பேச்சும் நின்றது.

அவனிடம் கேட்பதைவிட, அந்த வரிகளைத் தூக்கிவிட்டு நானே எழுதலாம்.

மார்ச் 8

எழுதவில்லை. தலைவலி.

மார்ச் 9

அவன் பகுதியைப் பிரித்துப் பார்த்தேன். அம்மா அழுத்தியவற்றின் எண்ணிக்கை என் கணினியில் இன்னும் இருக்கிறது. தண்ணீர் 61. வலி 88. வீட்டுக்கு 412.

ஆஸ்பத்திரியில் பகலில் அவன் இருந்தான், சாயங்காலம் நான். என்கிட்ட ஒரு தடவைகூட அந்த வார்த்தையை அழுத்தலையே — ஏன்? நான் ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சிருக்கு. "அம்மாவேதான் கேக்கறாங்கக்கா"ன்னு அவன் சொன்னான். நீயா எதையாவது சொல்லாதேன்னேன்.

நாளை கூப்பிட வேண்டும்.

மார்ச் 10

ஒன்பதரைக்குக் கூப்பிட்டேன். எடுத்தான். லைசென்ஸ் விஷயத்தைச் சொன்னேன்.

"வேணும்கறவங்க எடுத்துக்கட்டும். அதுலயும் கட்டுப்பாடு போடாத."

சரி என்றேன். பிறகு அந்த 412-ஐச் சொன்னேன்.

"இப்பதான் பாக்குறியா?" வைத்துவிட்டான்.

மதியம் மெயில் வந்தது. "சம்மதம்." முன்பெல்லாம் 'அக்கா' என்று ஆரம்பிப்பான்.

அவன் சொன்னபடியே முதல் வகையைப் போட்டேன். இரண்டு பெயர்கள், அவனுடையது முதலில். மூன்றரைக்குப் பயிற்சியாளர் நிரலை இறக்கிக்கொண்டார்.