மொஹிங்கா கடையில் முத்தச் சத்தம்

அன்புள்ள ஸின் மே,

மூட்டுவலி குறைந்ததா? மாண்டலேயில் நான் நலம். நெற்றியில் மட்டும் தையல். சின்ன வயதில் பள்ளியில் பந்து பட்டதே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்.

காலையில் மொஹிங்கா சாப்பிடும்போது, இன்னும் மீன்சாறு கேட்க, நம் ஊர்க் கடைகளில் எல்லோரும் செய்வதுபோல் உதடு குவித்து முத்தச் சத்தத்தால் கடைக்காரியைக் கூப்பிட்டேன். பக்கத்து மேசைப் பெண் திரும்பிவிட்டாள்.

"கெழவா, எம் பொண்டாட்டிக்கா முத்தம்?" அவள் கணவன் முக்காலியால் என் நெற்றியில் அடித்தான்; மூக்குக்கண்ணாடி நொறுங்கியது. கண்ணெல்லாம் ரத்தம். மறுபடி ஓங்கியவன் கையில் கடைக்காரி கொதிக்கும் சாற்றை ஊற்றினாள்.

"என்னயத்தான்டா கூப்பிட்டாரு, மடையா!"

"வீட்டுக்கு வாடி, கொல்றேன்!" என்று மனைவியிடம் அலறிக்கொண்டே ஓடினான்.

அந்தப் பெண் எழவில்லை. தனக்கா மரப்பட்டைப் பூச்சுக்கு அடியில் அவள் கன்னம் கன்றிப்போயிருந்தது.

என் பழைய கண்ணாடியைக் கொடுத்தனுப்பு. உன் கடிதங்களைத் திரும்பப் படிக்க முடியவில்லை. உன் ஊர்ப் பேருந்து கிளம்புகிறது. இதை உன் கையில் தருபவள் அந்தப் பெண்தான். முதலில் சோறு போடு.

உன்,
டின் மாவ்ங்