கட்டிலடி வாளியில் சர்ஜன் மீன்

செவ்வாய், இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து அப்பாவிடம் காட்டாதீர்கள்.

இன்று தன் நண்பர்கள் முன்னால் அப்பா கடல்மீன் தொட்டிக்குள் கைவிட்டு எங்கள் நீல சர்ஜன் மீனைத் தடவப் போனார். அதன் வாலோரம் கத்தி போல முள் இருக்கிறது. "தொடாதீங்கப்பா" என்றேன். "வாயை மூடு" என்றார். விரல் கிழிந்தது.

"இன்னா நைனா, வளத்த மீனே கத்திய எடுத்துடுச்சா?" என்று ஒரு மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. எனக்கு அந்த இரத்தம் பிடித்திருந்தது.

எல்லாரும் போன பிறகு, "காலைல இத உயிரோட குப்பைல போடப்போறேன். நீ நின்னு பாக்கணும்" என்றார்.

விளக்கணைத்ததும் அது பாறை இடுக்கில் தூங்கியது. வலையில் முள் மாட்டிக்கொள்ளும் என்பதால் டப்பாவால் மொண்டு, தொட்டித் தண்ணீரோடு வாளியில் விட்டுக் கட்டிலடியில் வைத்திருக்கிறேன். விடிந்ததும் ஆழ்வார்பேட்டையில் அதை விற்ற மீன்கடை அண்ணனிடமே கொடுத்துவிடுவேன். மீன் மூச்சுவிட வாளிக்குப் பொருத்திய காற்று மோட்டார்தான் இரைகிறது.

அப்பா கதவைத் தட்டுகிறார். மோட்டாரை நிறுத்தினால் மீன்